டைரோஸ்-1 படங்களைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்சாட் செயற்கைக்கோள் படம் பார்த்துப் பழகிய கண்ணோடு, பழைய அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோளான டைரோஸ்-1 அனுப்பிய படத்தைக் கையில் எடுத்தால் முதலிலேயே சறுக்கும். இன்சாட் பூமத்திய ரேகைக்கு மேலே ஒரே இடத்தில் நிற்பது. 1960 ஏப்ரல் 1 அன்று ஏவப்பட்ட டைரோஸ்-1, சுமார் 700 கி.மீ. உயரத்தில் 99 நிமிடத்துக்கு ஒருமுறை உலகைச் சுற்றியது.

அதிகம் பேர் செய்யும் தவறு, படத்தின் மேல்விளிம்பை வடக்கு என்று எடுத்துக்கொள்வது. ஏறத்தாழ 120 கிலோ எடையுள்ள அந்த உருளை வடிவச் செயற்கைக்கோள், நிமிடத்துக்கு 8 முதல் 12 சுற்று வேகத்தில் பம்பரம் போலச் சுழன்றது. இரண்டு கேமராக்களும் அதன் அடித்தட்டில், சுழலச்சுக்கு இணையாக இருந்தன. ஆகவே ஷட்டர் திறக்கும் கணத்தில் உருளை எந்தக் கோணத்தில் திரும்பியிருந்ததோ, படமும் அந்தக் கோணத்தில்தான் விழும். டேப்பில் பதிவாகும்போது படத்துக்குப் படம் 30 விநாடி இடைவெளி. அதற்குள் நாலைந்து சுற்று ஓடியிருக்கும். அடுத்தடுத்த இரு படங்களில்கூட வடக்கு வெவ்வேறு மூலையில் இருக்கலாம். புயலின் சுருளும் உதவாது. படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்பதை மட்டும் அது காட்டிக்கொடுக்கும்: வட அரைக்கோளத்தில் இடஞ்சுழி, தெற்கே வலஞ்சுழி. திசைக்குக் கடற்கரையோ ஏரியோ தெரிகிற படத்தைத்தான் தேட வேண்டும்.

அடுத்தது, படம் இல்லாத இடத்தில் மேகமே இல்லை என்று முடிவுகட்டுவது. சுழலச்சு விண்வெளியில் ஏறக்குறைய ஒரே திசையை நோக்கியே இருந்ததால், சுற்றின் ஒரு பகுதியில்தான் கேமரா பூமியைப் பார்க்கும். எதிர்ப்பக்கம் போனால் வெறும் வானம். 'ஏறக்குறைய' என்பதையும் விட்டுவிடக்கூடாது: பூமியின் காந்தப்புலம் அச்சை மெல்ல நகர்த்தியது. முதல் நாள் திசையை வைத்து ஒரு மாதம் கழித்து எடுத்த படத்துக்கு இடம் குறித்தால் கணக்கு பிசகும். இரவுப் படம் தேடுவதும் வீண். இருட்டிலும் மேகத்தை உணரக்கூடிய அகச்சிவப்புக் கருவி டைரோஸ்-2இல்தான் வந்தது. சுற்றுப்பாதையின் சாய்வு 48 பாகை என்பதால் துருவங்களும் கிடையாது.

வெள்ளையெல்லாம் மேகமும் அல்ல. பனி மூடிய மலையும், கடலில் சூரியன் பளிச்சிடும் இடமும் அப்படியே தெரியும். ஒரு நாள் கழித்து அதே இடத்தை எடுத்த படம் கிடைத்தால் ஒப்பிடுங்கள். மேகம் நகர்ந்திருக்கும், மலைப்பனி நகராது.

'முதல் வானிலைச் செயற்கைக்கோள்' என்று எழுதுபவர்கள் 'வெற்றிகரமான' என்பதையும் சேர்க்கவும். மேகம் பார்க்க 1959 பிப்ரவரியிலேயே வான்கார்டு-2 போயிருந்தது. தள்ளாட்டத்தால் அதன் தரவு பயன்படவில்லை. டைரோஸ்-1 உழைத்தது 78 நாள்; 22,952 படம் அனுப்பியது. அத்தனையும் தேறியவை அல்ல, பயன்பட்டவை 19,000 சொச்சம்.