பழைய டீசல் லோடு வண்டி: வாங்குகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

குட்டி யானை என்கிற டாடா ஏஸோ, அசோக் லேலண்ட் தோஸ்த்தோ, மஹிந்திரா பொலீரோ பிக்கப்போ, பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் புரோக்கரிடம் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். "என்ன மாடல்?", "எவ்வளவு ஓடியிருக்கு?" மாடலை ஆர்.சி.யில் நாமே பார்த்துக்கொள்ளலாம். கிலோமீட்டருக்கு என்ன பதில் வந்தாலும் அதை நம்ப முடியாது. கேட்காமல் விடுவது மூன்றாவது கேள்வியைத்தான்: "இந்த வண்டி இத்தனை வருஷமா என்ன லோடு அடிச்சுது?"

மீட்டரை ஏன் நம்பக்கூடாது என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். உள்ளூர் வாடகை வண்டி ஒரு நாளைக்கு 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடும். வருடத்தில் 300 நாள் ஓடினால் 30,000 பக்கம் வரும். பத்து வருட வண்டியில் இரண்டரை, மூன்று லட்சம் இருந்தால்தான் நியாயம். 85,000 காட்டுகிறது என்றால் ஒன்று மீட்டர் பாதியில் செத்திருக்கும், இல்லையென்றால் யாரோ கைவைத்திருப்பார்கள். கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பரையும் ஸ்டீயரிங் வழவழப்பையும் பாருங்கள். அவை அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லாது.

சரி, லோடு விஷயத்துக்கு வருவோம். ஒட்டன்சத்திரத்தில் இரவு காய்கறி ஏற்றி நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடிய வண்டி மூன்று லட்சம் ஓடியிருந்தாலும் இன்ஜின் ஓரளவு நிம்மதியாக இருக்கும். அதே வண்டி தெருத் தெருவாகத் தண்ணீர் கேன் போட்டிருந்தால் ஒரு லட்சத்திலேயே கிளட்ச், செல்ஃப் மோட்டார், பிரேக் எல்லாம் களைத்துப் போயிருக்கும். 20 லிட்டர் கேன் ஒன்று 20 கிலோ. முதலில் வந்த டாடா ஏஸ் தாங்க வேண்டிய எடை முக்கால் டன், அதாவது 37 கேன். தண்ணீர் வண்டியில் எத்தனை கேன் அடுக்கியிருக்கிறார்கள் என்று ஒரு நாள் தெருவில் நின்று எண்ணிப் பாருங்கள். அறுபது இருந்தால் எடை 1.2 டன்.

மணல், ஜல்லி, ஹாலோ பிளாக் ஏற்றிய வண்டி அதைவிட மோசம். குறைந்த தூரம், அதிக எடை, பெரும்பாலும் இரண்டாவது கியர். இவை எல்லாவற்றையும் விட நான் பயப்படுவது மீன் வண்டிக்கு. காசிமேடு, நாகப்பட்டினம், ராமேஸ்வரம் பக்கம் மீன் ஏற்றிய வண்டியில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக, வண்டியின் அடிச்சட்டமான சேஸ் மேல் சொட்டிக்கொண்டே இருந்திருக்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே துரு தின்றிருக்கும். ஒரு ஸ்பேனரை எடுத்து சேஸை நீளவாக்கில் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் மந்தமானால் அங்கே இரும்பு மெலிந்திருக்கிறது. பிரெட், பிஸ்கட், கூரியர் அடித்த வண்டி கிடைத்தால் கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. அந்தச் சரக்கு இடத்தைத்தான் அடைக்கும், எடை இருக்காது.

ஓனரிடம் கேட்டால் உண்மை வராது. ஓட்டிய டிரைவரிடம் கேளுங்கள், அல்லது வண்டி நிற்கும் ஸ்டாண்டில் உள்ள டீக்கடையில் கேளுங்கள். வண்டியே சொல்வதும் உண்டு: பலகை இடுக்கில் ஒட்டிய சிமென்ட், கழுவினாலும் போகாத மீன் வாடை, நடுவில் குழிந்த தளம். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளை எண்ணுவது இன்னும் நல்லது. கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒன்றிரண்டு பட்டை சேர்த்திருந்தால் வண்டி தாங்க முடியாத எடையைச் சுமந்திருக்கிறது என்று அர்த்தம். "பட்டை ஏத்தியிருக்கோம் சார், ஸ்ட்ராங்" என்று அதையே பெருமையாகச் சொல்வார்கள். பட்டை தாங்கும், சேஸ் தாங்குமா? பின் அச்சுக்கு மேலே, பட்டையின் பிராக்கெட் சேரும் இடத்தில் வெல்டிங் வைத்த தழும்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடியில் புதுக் கறுப்புப் பெயிண்ட் இருந்தாலே மோசடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்று வாங்கப் போகும் வண்டிக்கு எல்லாரும் பெயிண்ட் அடிக்கத்தான் செய்கிறார்கள். பெயிண்டுக்கு அடியில் மேடு பள்ளம் இருக்கிறதா என்பதைக் கைவிரலால் தடவித் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த தவறு நானே செய்தது. என் முதல் குட்டி யானையைப் பார்க்கப் பதினொரு மணிக்கு வரச் சொன்னார்கள். போனோம், டீ வாங்கிக் கொடுத்தார்கள், சாவியைத் திருப்பியதும் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. மறுநாள் காலை வீட்டு வாசலில் பேட்டரி இறங்கும் வரை சுற்றியும் பிடிக்கவில்லை. கடைசியில் பிடித்தபோது வந்த வெள்ளைப் புகையில் எதிர் வீட்டில் காயப்போட்ட துணியெல்லாம் நாறிவிட்டது. நாங்கள் வருவதற்கு முன்பே இன்ஜினைச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். அந்த 702 சிசி, இரண்டு சிலிண்டர் இன்ஜினில் கம்ப்ரஷன் போயிருந்தது. குளிர்ந்த இன்ஜினைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கை மாற்றினால் சரியாகிவிடும் என்று கொஞ்ச நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அப்புறம் இன்ஜினை இறக்கித்தான் வேலை பார்த்தோம்.

அதனால், "காலையில ஆறு மணிக்கு வர்றேன், நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் கிளம்பி வந்துவிடலாம். குளிர்ந்த டீசல் வண்டி முதல் சில நொடிகள் லேசாகப் புகைவதில் தப்பில்லை. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட் போய்த் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. நீலப் புகை என்றால் ஆயில் குடிக்கிறது. கறுப்புப் புகை மட்டும்தான் என்றால் கொஞ்சம் ஆறுதல். ஏர் ஃபில்டர், நாசில், பம்ப் என்று குறைந்த செலவில் முடிய வாய்ப்பு உண்டு.

ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, தலைகீழாக அதே வாயில் வையுங்கள். மூடி லேசாக ஆடலாம். குபுகுபுவென்று புகை தள்ளி மூடியைத் தூக்கி அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. இந்தச் சோதனைக்கு மெக்கானிக் வேண்டியதில்லை. ஆனாலும் உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். புரோக்கர் காட்டுகிற மெக்கானிக் வேண்டாம்.

தோஸ்த், பிந்தைய பொலீரோ பிக்கப் போன்றவை காமன் ரெயில் இன்ஜின்கள், அதாவது டீசலை எலக்ட்ரானிக் முறையில் பாய்ச்சுபவை. பழைய ஏஸ் மாதிரி தெருமுனை மெக்கானிக் கையால் சரிசெய்துவிட முடியாது, இன்ஜெக்டர் செலவும் கூடுதல். சாவியை ஆன் செய்ததும் டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆன பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் மகிழ்ச்சி அடையாதீர்கள், பல்பைப் பிடுங்கியிருக்கலாம். ஏப்ரல் 2020க்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகை விதி) வண்டி என்றால், கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் போடாமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது.

காலி வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைவது பெரிய தவறு. காலியாக ஓடினால் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். அரை டன் ஏற்றி ஒரு மேம்பாலம் ஏறிப் பாருங்கள். மூன்றாவது கியரில் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் நழுவுகிறது. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் கியர்பாக்ஸ் வேலை இருக்கிறது. டெம்பரேச்சர் முள் ஏறுவதும் பின் அச்சில் உள்ள கிரவுன் பல்சக்கரம் ஊளையிடுவதும் லோடு இருந்தால்தான் தெரியும். விற்கிறவர் லோடு ஏற்ற மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

டயரில் பட்டன் (தேயாமல் மிச்சமுள்ள ரப்பர்) எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்க்காமல், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது.

இனி பேப்பர். இன்ஜின் வேலைக்குச் செலவு செய்தால் தீர்ந்துவிடும், பேப்பர் தகராறு வருடக்கணக்கில் இழுக்கும். மஞ்சள் போர்டு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி., அதன் பிறகு வருடா வருடம். எஃப்.சி. முடியப்போகிற வண்டி மலிவாகத் தெரிவதற்குக் காரணமே அதுதான். பெயிண்ட், டிங்கரிங், விளக்கு, டயர் என்று அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். வண்டிக்கு வயது ஏற ஏற எஃப்.சி. கட்டணமும் ஏறும். பழைய வண்டிக்குப் பசுமை வரி வேறு.

எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி தேதிகள் தெரியும், ஃபைனான்ஸ் பதிவும் தெரியும். "கடன் கட்டி முடிச்சாச்சு" என்பது வாய்ப்பேச்சு. ஃபைனான்ஸ் கம்பெனி கையெழுத்திட்ட படிவம் 35 கையில் வந்தால்தான் முடிந்ததாக அர்த்தம். சேஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ஆர்.சி.யில் திறந்த பாடி என்று இருந்து, நேரில் மூடிய கண்டெய்னர் நின்றால் எஃப்.சி.யில் மாட்டும். பொலீரோ பிக்கப்பில் சில மாடல்களின் மொத்த எடை (வண்டியும் லோடும் சேர்த்து) 3,000 கிலோவைத் தாண்டும். தாண்டினால் பெர்மிட் வேண்டும், ஏஸுக்கு அது தேவையில்லை. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30ல் கையெழுத்து வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டுப் பழைய பெயரிலேயே ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் விற்கிறவருக்குத்தான் அவசரம் என்று நினைக்கலாம். ஆனால் பெயர் மாறாத வண்டி மோதி நின்றால், இன்சூரன்ஸில் உங்கள் சேதத்துக்கு உங்கள் பெயரில் ஒரு ரூபாய் கூடக் கேட்க முடியாது. பாலிசியை மாற்றிக் கொடுக்கச் சொல்லி வாங்கிய 14 நாளுக்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பாஸ்டேகையும் மறக்க வேண்டாம். என் நண்பர் ஒருவர் தோஸ்த்தை விற்று இரண்டு மாதம் ஆகியும் டேகை ரத்து செய்யவில்லை. வாங்கியவர் டோலைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் இவர் போனில் பணம் போன மெசேஜ் வரும். ஒரு நாள் காலை அதைப் பார்த்துவிட்டு, "வண்டி திண்டிவனம் தாண்டிருச்சு, நல்லாத்தான் ஓடுது போல" என்றார்.