ஒரே வள்ளத்தில் அளக்கிறார்களா? ஹாலிவுட் வசூல் செய்தியில் பாரபட்சத்தைக் கண்டறியும் முறை

2025 ஏப்ரலில் கறுப்பின இயக்குநர் ரயன் கூக்ளரின் பேய்ப் படமான ‘சின்னர்ஸ்’ வெளியானபோது, அமெரிக்கத் திரைத்தொழில் ஏடான ‘வெரைட்டி’ முதல் வார இறுதி வசூலைப் பற்றி எழுதிய செய்தியின் சாரம் இதுதான்: உலகெங்கும் 6.1 கோடி டாலர் வந்திருக்கிறது, பெரியவர்களுக்கு மட்டுமான ஒரு புதுக் கதைக்கு இது அருமையான தொடக்கம், ஆனால் படத்தின் செலவு 9 கோடி டாலர் என்பதால் லாபம் இன்னும் தொலைவில்தான் இருக்கிறது. (கோவைக்காரர்களுக்கு வெரைட்டி என்றதும் 1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய வெரைட்டி ஹாலும், அதன் பெயரைத் தாங்கிய சாலையும் நினைவுக்கு வரும், இது வேறு வெரைட்டி.) ஒரு சிற்றிதழின் திரைப் பக்கத்துக்காக அந்தச் செய்தியைத் தமிழாக்கிய நான், அந்த ‘ஆனால்’ என்ற சொல்லையும் கேள்வி கேட்காமல் அப்படியே இறக்கிவைத்தேன். அடுத்த நாளே நடிகர் பென் ஸ்டில்லர், 6 கோடி டாலர் தொடக்கம் பெற்ற ஒரு புதுக் கதைக்கு இப்படி ஒரு தலைப்பு எந்த உலகத்தில் பொருந்தும் என்று வெளிப்படையாகக் கேட்டதைப் படித்த பிறகுதான் என் தவறு எனக்கு உறைத்தது. அதன் பின் எங்கள் ஊர்த் திரைப்பட வட்டத்தில் மாணவர்களுடன் சேர்ந்து நாங்கள் பழகிக்கொண்ட வாசிப்பு முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இத்தகைய செய்திகளில் வசைச்சொல்லைத் தேடினால் எதுவும் கிடைக்காது. எண்கள் சரியாக இருக்கும், நடை கண்ணியமாக இருக்கும், எழுதியவரும் நல்லவராகவே இருப்பார். ஒரே தேநீரை இரண்டு விதக் குவளைகளில் ஊற்றிய கடைகளைக் கண்ட பகுதி நம்முடையது. வாயைத் திறந்து ஒரு சொல்லும் சொல்லாமல் ஆளை எப்படிப் பிரித்துவைக்க முடியும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே செய்தியில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பதோடு நில்லாமல், எந்த வள்ளத்தால் (தானியம் அளக்கும் படியால்) அளந்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

அதற்கான முதல் வேலை, செய்தியில் ‘ஆனால்’, ‘இருப்பினும்’, ‘எனினும்’ வரும் இடத்தைப் பென்சிலால் வட்டமிடுவது. வட்டமிட்ட பின் அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் இருப்பவற்றைத் தனித்தனி வாக்கியங்களாக எழுதிப் பாருங்கள். மேலே சொன்ன செய்தியை அப்படிப் பிரித்தால், முதல் மூன்று நாளில் 6.1 கோடி வந்தது என்பது ஒரு வாக்கியம். செலவு 9 கோடி என்பது இன்னொன்று. இரண்டும் உண்மை. இரண்டையும் முட்டவிடும் அந்த இணைப்புச் சொல் மட்டுமே எழுதியவருடைய தீர்ப்பு. முதல் மூன்று நாளில் போட்ட பணத்தை எடுத்துவிடும் பெரிய படங்கள் மிகச் சிலவே என்பதால், அந்தத் தீர்ப்பை எந்தப் படத்தின் மீதும் சுமத்த முடியும். எல்லாப் படங்களின் மீதும் சுமத்துகிறார்களா என்பதே கேள்வி.

எங்கள் வட்டத்துக்கு வரும் முன்னாள் தியேட்டர் மேலாளர் ஒருவர் இதை என்னைவிட நன்றாக விளக்கினார். பழைய டி.சி.ஆர். (தினசரி வசூல் அறிக்கை) தாள்களை ரப்பர் பேண்டு போட்டு ஒரு மஞ்சள் பையில் வைத்திருப்பவர் அவர். நான் தலைப்பைப் படித்துக் காட்டியதும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “ஏனுங்க தம்பி, வெள்ளிக்கிழம படம் போட்டு ஞாயித்துக்கிழம மொதல எடுத்துட்டேன்னு எந்த டிஸ்ட்ரிபியூட்டருங்க சொல்லியிருக்கான்? ரெண்டாவது வாரம் என்ன ஆச்சுன்னு பாருங்க” என்றார். பார்த்தோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வார இறுதியில் சுமார் 4.8 கோடி டாலர். இரண்டாவதில் சுமார் 4.5 கோடி. பேய்ப் படங்கள் இரண்டாம் வாரத்தில் பாதிக்கும் மேல் சரிவது வாடிக்கையாக இருக்கும்போது, இது ஏறத்தாழ சரியவே இல்லை. முடிவில் உலக வசூல் 36 கோடி டாலரைத் தாண்டியது.

கிராஸ் (மொத்த டிக்கெட் வசூல்) வேறு, ஷேர் (அதில் படம் எடுத்தவருக்குச் சேரும் பங்கு) வேறு என்பதும் இங்கே மறக்கக் கூடாதது. அமெரிக்காவில் டிக்கெட் பணத்தில் ஏறக்குறைய பாதி தியேட்டருக்குப் போகும், வெளிநாடுகளில் ஸ்டுடியோவின் பங்கு இன்னும் குறையும், விளம்பரச் செலவு தனி. ஆகவே படச்செலவைப் போல இரண்டு அல்லது இரண்டரை மடங்கு கிராஸ் வந்தால்தான் தியேட்டர் வசூலில் போட்ட முதல் தேறும் என்பது பொதுவான கணக்கு. இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்திருந்தால், எந்தச் செய்தி எச்சரிக்கிறது, எந்தச் செய்தி முகம் சுளிக்கிறது என்பதை நீங்களே பிரித்துவிடலாம்.

அடுத்தது ஜோடி சேர்ப்பது. இந்த முறையின் உயிரே இதில்தான் இருக்கிறது, நேரமும் இதற்கே அதிகம் பிடிக்கும். ஒரு கறுப்பின இயக்குநரின் படத்துக்கு, ஏறத்தாழ அதே செலவில், அதே வகை ஸ்டுடியோ ஆதரவில், தொடர்கதையாக இல்லாமல் சொந்தக் கதையாக வந்த ஒரு வெள்ளை இயக்குநரின் படத்தைத் தேடுங்கள். ‘சின்னர்ஸ்’ படத்துக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட ஜோடி 2019இல் வந்த குவென்டின் டாரன்டினோவின் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் ஹாலிவுட்’. செலவு அதற்கும் சுமார் 9 கோடி டாலர். உள்நாட்டுத் தொடக்கம் (அமெரிக்கா, கனடா) 4.1 கோடி, அதாவது கூக்ளர் படத்தைவிடக் குறைவு. அன்றைய செய்திகளில் முன்னால் நின்றது, டாரன்டினோவின் வாழ்நாளிலேயே பெரிய தொடக்கம் என்ற மகிழ்ச்சி. ஜோடி சேர்க்கும்போது உள்நாட்டு வசூலை உள்நாட்டு வசூலோடும், மூன்று நாளை மூன்று நாளோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும்; இதில் சறுக்கினால் நம்முடைய வள்ளமே ஓட்டை.

வசூலைப் போலவே ஒப்பந்தங்களையும் ஜோடி சேர்க்கலாம். கூக்ளர், 25 ஆண்டுகளுக்குப் பின் படத்தின் உரிமை தமக்குத் திரும்ப வேண்டும், இறுதி வடிவம் தம் கையில் இருக்க வேண்டும், முதல் டாலரிலிருந்தே வசூலில் பங்கு வேண்டும் என்று வார்னர் பிரதர்ஸுடன் பேசி முடித்தார். இதனால் ஸ்டுடியோ அமைப்பே ஆட்டம் கண்டுவிடும் என்று சில நிறுவன நிர்வாகிகள் கவலைப்படுவதாகச் செய்திகள் வந்தன. குறிப்பிட்ட காலம் கழிந்ததும் உரிமை தமக்கே திரும்பும் ஒப்பந்தத்தை டாரன்டினோ மேற்சொன்ன படத்துக்கே பெற்றிருந்தார். அப்போது கூரை இடிந்து விழவில்லை. இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று, கவலைப்பட்டவர்களுக்குப் பெயர் இல்லை என்பது. பெயர் சொல்லாத ஒருவர் போட்டி நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருந்தால், அவர் சொல்வதைச் சந்தை விலையைக் குறைக்க நினைக்கும் மஞ்சள் வியாபாரியின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். ஈரோட்டுக்காரர்களுக்கு இது புரியும்.

வியப்புச் சொற்களுக்குத் தனி அட்டவணை போடுங்கள். ‘எதிர்பாராத’, ‘கணிப்பை மீறிய’, ‘ஆச்சரிய வெற்றி’ என்பவை பாராட்டுப் போலத் தெரியும். கறுப்பினக் கலைஞர்களின் படங்களுக்கு ஒவ்வொரு முறையும் வரும்போதுதான் அவற்றின் குணம் வெளிப்படும். 2015இல் ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ 2.8 கோடி டாலரில் எடுக்கப்பட்டு 20 கோடியைத் தொட்டது. 2017இல் ஜோர்டன் பீலின் ‘கெட் அவுட்’ 45 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு 25 கோடிக்கு மேல் ஈட்டியது. 2018இல் கூக்ளரின் ‘பிளாக் பாந்தர்’ 130 கோடியைக் கடந்தது. இத்தனைக்கும் பிறகும் ஒருவர் வியக்கிறார் என்றால், பழைய கணக்கைத் திறந்து பார்க்கவில்லை என்று பொருள். 2013இல் ‘தி பெஸ்ட் மேன் ஹாலிடே’ எதிர்பார்ப்பை மீறி ஓடியபோது ‘யுஎஸ்ஏ டுடே’ அதை ‘இனம் சார்ந்த படம்’ என்று தலைப்பிட்டுக் கண்டனத்துக்கு ஆளானது. அது கல்லூரி நண்பர்கள் கிறிஸ்துமசுக்கு ஒன்றுகூடும் கதை.

வெளிநாட்டில் ஓடாது என்ற வாதத்தை நாங்கள் தனியாகவே பார்ப்போம். 2014இல் சோனி நிறுவனத்தின் மின்னஞ்சல்கள் கசிந்தபோது, கறுப்பின நடிகர் டென்சல் வாஷிங்டனை முன்வைத்து, உலகப் பார்வையாளர்கள் கறுப்பின நாயகனை ஏற்பதில்லை என்ற தொனியில் ஒரு தயாரிப்பாளர் எழுதியிருந்தது வெளியானது. கீழ்பவானி வாய்க்காலின் கடைமடைக்குத் தண்ணீர் விடாமல் அங்கே விளைச்சல் இல்லை என்று எழுதினால் எப்படி இருக்கும்? குறைந்த நாடுகளில், குறைந்த விளம்பரத்தோடு வெளியிட்டு, வந்த குறைந்த வசூலையே அடுத்த படத்துக்கு ஆதாரமாகக் காட்டும் வழக்கமும் அதுவே. ‘பிளாக் பாந்தர்’ ஈட்டியதில் ஏறக்குறைய பாதி வெளிநாடுகளிலிருந்து வந்தது. ஆகவே இப்படி ஒரு வரியைக் கண்டால், படம் எத்தனை நாடுகளில் எந்தத் தேதியில் வெளியானது என்பதைத் தேடி ஓரத்தில் குறித்துவிடுங்கள்.

விருதுச் செய்தியில் பெயர்களைப் பார்த்தால் போதும். 2016 ஆஸ்கருக்கு ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ படத்திலிருந்து பரிந்துரைக்கப்பட்டவர்கள் வெள்ளையரான எழுத்தாளர்கள். கூக்ளரின் ‘கிரீட்’ படத்திலிருந்து வெள்ளையரான சில்வெஸ்டர் ஸ்டாலோன் மட்டும்.

மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இந்த முறையைப் பழகிய வேகத்தில், கறுப்பின இயக்குநரைக் குறை சொல்லும் எல்லாச் செய்தியையும் பாரபட்சக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். 2018இல் ஏவா டுவெர்னே இயக்கிய ‘எ ரிங்க்கிள் இன் டைம்’ 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்து உலகெங்கும் சுமார் 13 கோடி மட்டுமே ஈட்டியது. அதை நட்டம் என்று எழுதுவது கணக்கு, அவ்வளவே. அந்த ஒரு நட்டத்தைக் காட்டி மற்றக் கறுப்பினப் பெண் இயக்குநர்களுக்குப் பெரிய படம் தரலாமா என்று ஒரு கட்டுரை கேட்டால், அப்போது பென்சிலை எடுங்கள். பெருஞ்செலவில் எடுத்துத் தோற்ற வெள்ளை இயக்குநர்களின் பெயரால் அவர்கள் இனத்தையே கேள்வி கேட்டவர் உண்டா என்பதை ஜோடிக் கட்டத்தில் தேடிப் பார்க்கலாம்.

கண்டதை ஆசிரியருக்கு எழுதும்போது யாரையும் இனவெறியர் என்று அழைக்க வேண்டாம். அழைத்தால் உரையாடல் அங்கேயே முறிந்து, வாதம் உங்கள் சொல்லைப் பற்றியதாக மாறிவிடும். இரண்டு படங்கள், இரண்டு செலவு, இரண்டு தொடக்கம், இரண்டு தலைப்பு என்று நான்கு வரிகள் போதும். எங்கள் சிற்றிதழில் நான் எழுதிய திருத்தமும் அப்படித்தான் இருந்தது. ‘ஆனால்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு முற்றுப்புள்ளி வைத்தேன், இரண்டாம் வார வசூலை அடுத்த வரியில் சேர்த்தேன்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தொடக்கச் செய்தியை ஒட்டி, தேதி போட்டு, பக்கத்தின் கீழே ஒரு கட்டத்தைக் காலியாக விடுங்கள். மூன்று மாதம் கழித்து மொத்த வசூலை அதே பக்கத்தில், முதல் தலைப்புக்கு நேர் கீழே எழுத அந்த இடம் வேண்டும்.