பழைய பலூச் முசல்லா சேர்க்கத் தொடங்குவோருக்கு: பின்பக்கத்திலிருந்து பார்க்கும் முறை

பலூச் முசல்லா, அதாவது தொழுகை விரிப்பு என்றதும் பலூசிஸ்தான்தான் நினைவுக்கு வரும். ஆனால் சந்தையில் இந்தப் பெயரில் கிடைக்கும் பழைய முடிச்சு விரிப்புகளில் பெரும்பாலானவை ஈரானின் வடகிழக்கில் குராசானிலும், தெற்கே சீஸ்தானிலும், ஆப்கானிஸ்தானின் மேற்கில் ஹெராத், ஃபரா பகுதிகளிலும் நெய்யப்பட்டவை. நெய்தவர்கள் எல்லாருமே பலூச்சிகள் அல்லர். அவர்களோடு வாழ்ந்த தைமூரிகள் போன்றோரின் வேலையும் இதே பெயரில் விற்பனையாகிறது. ‘மஷ்ஹத் பலூச்’, ‘ஹெராத் பலூச்’ என்பவை சரக்கு வந்து சேர்ந்த சந்தையின் பெயர்கள். அவற்றை இனக்குழுவின் பெயர்களாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை: அளவு நாடா, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், டார்ச், வெள்ளைப் பருத்தித் துணித் துண்டுகள், மழுங்கிய ஊசி ஒன்று.

படி 1: அளவும் அமைப்பும்

பெரும்பாலான பலூச் முசல்லாக்கள் 80 முதல் 100 செ.மீ. அகலமும் 130 முதல் 160 செ.மீ. நீளமும் இருக்கும். மற்ற ஊர் விரிப்புகளில் மிஹ்ராப் (தொழும் திசையைக் காட்டும் மாட வடிவம்) பெரும்பாலும் கூம்பாக எழும். பலூச்சில் அது பெரும்பாலும் சதுரத் தலையும் இரு தோள்களுமாக நிற்கும். தலைக்கு இரு பக்கமும் உள்ள கட்டங்கள் சஜ்தாவில், அதாவது நெற்றி தரையில் பட வணங்கும்போது, கை படும் இடத்தில் அமைந்தவை. சிலவற்றில் அங்கே கையின் உருவமே நெய்யப்பட்டிருக்கும். ஒட்டக நிறத் தளத்தில் இலைகளோடு மரம் நிற்கும் வகைதான் அதிகம் தேடப்படுகிறது.

இப்போது நான்கு பக்கக் கரைகளையும் எண்ணுங்கள். இடமும் வலமும் மூன்று கரை வரிகள் ஓடி, மேலே இரண்டு மட்டும் இருந்தால், சிதைந்த முனையை வெட்டிவிட்டு ஓரம் அடித்திருக்கிறார்கள் என்று முதலில் சந்தேகியுங்கள். வெட்டிய விரிப்பு அழகாக இருக்கலாம், ஆனால் முழு விரிப்பின் விலைக்கு வாங்கக் கூடாது.

படி 2: புரட்டிப் போடுங்கள்

தொடக்கக்காரர் தவறவிடுவது இந்தப் படியைத்தான். முன்பக்கத்தைக் கழுவலாம், வெளுக்கலாம், வண்ணம் பூசலாம். பின்பக்கத்தில் அதையெல்லாம் மறைப்பது கடினம்.

பாவு நூலை, அதாவது நீளவாக்கில் ஓடும் அடிப்படை இழையை, குஞ்சத்தில் பாருங்கள். பழையவற்றில் பெரும்பாலும் தந்த நிற ஆட்டுக் கம்பளி, இரண்டு இழை முறுக்கியது. பருத்திப் பாவு இருந்தால் அது 20-ஆம் நூற்றாண்டு வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முடிச்சு வரிசைக்கும் இடையே ஊடை (குறுக்காக ஓடும் இழை) பழுப்புக் கம்பளியாக, பெரும்பாலும் இரண்டு தடவை ஓடும்.

பிறகு முடிச்சு எண்ணுங்கள். அகலவாக்கில் ஓர் அங்குலம், நீளவாக்கில் ஓர் அங்குலம் எண்ணிப் பெருக்குங்கள். சதுர அங்குலத்துக்கு 50 முதல் 120 வரை வந்தால் வழக்கமானது. அதைவிட நெருக்கமானவையும் உண்டு. எண்ணிக்கை உயர்ந்தால் மதிப்பும் உயரும் என்ற நகரத்துக் கம்பளக் கணக்கு இங்கே எடுபடாது. கம்பளியின் பளபளப்பும் நிறத்தின் ஆழமும்தான் இங்கே பெரிது.

முடிச்சு வகையை அறிய ஒரு வரிசையை மடித்து ஊசியால் மயிரை (முன்பக்கத்தில் நிற்கும் முடிச்சு நூலின் நுனிகளை) விலக்குங்கள். நூல் ஒரு பாவைச் சுற்றி அடுத்த பாவின் கீழே மட்டும் போனால் அது பாரசீக முடிச்சு. பலூச்சில் பெரும்பாலும் அதுதான், இடப்பக்கம் திறந்தபடி. இரு பாவையும் சுற்றித் தழுவியிருந்தால் துருக்கிய முடிச்சு. சில குழுக்கள் அதையும் போட்டார்கள், ஆகவே அதைக் கண்டதும் போலி என்று ஒதுக்காதீர்கள்.

படி 3: நிறம்

அவுரியின் கருநீலம், மேடர் வேரின் சிவப்பு, கத்தரிப்பூ நிறம், சாயமிடாத வெள்ளை, கரும்பழுப்பு: பலூச்சின் உலகம் இந்த இருட்டுக்குள்தான் இருக்கிறது. நல்ல விரிப்பைச் சன்னலருகே கொண்டுபோனால்தான் நீலம் எழுந்து வரும். கடையின் மஞ்சள் விளக்கில் ஒருபோதும் முடிவெடுக்காதீர்கள்.

கரும்பழுப்புப் பகுதிகளை விரலால் தடவுங்கள். சுற்றியுள்ள மயிரைவிட அவை பள்ளமாக இருக்கும். துவர்ப்புப் பொருளையும் இரும்பையும் சேர்த்துப் போட்ட சாயம் கம்பளியைக் காலப்போக்கில் நொறுக்கிவிடுவதால் வரும் பள்ளம் அது. பழைமைக்கு நல்ல சான்று. ஆனால் போலி செய்பவர்களுக்கும் இது தெரியும். அவர்கள் கத்தரித்து விடுகிறார்கள். வெட்டிய பள்ளத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும், தேய்ந்தது ஒழுங்கற்று மங்கும். லென்ஸில் தெரிந்துவிடும்.

அடுத்து மயிரைப் பிரித்து நுனி, வேர், பின்பக்கம் மூன்றையும் ஒப்பிடுங்கள். இயற்கைச் சாயம் மெதுவாக, படிப்படியாக வெளிறும். நுனி சாம்பலாகவும் வேர் பளிச்சென்ற ஊதாவாகவும் இருந்தால் ஃபுக்சின் போன்ற ஆரம்பகாலச் செயற்கைச் சாயம் என்று கொள்ளலாம். செயற்கைச் சாயம் என்றாலே புதியது என்று பொருளில்லை. முதல் செயற்கைச் சாயம் 1856-இல் கண்டுபிடிக்கப்பட்டது, ஃபுக்சின் சில ஆண்டுகளிலேயே வந்தது, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பழங்குடித் தறிகளிலும் புகுந்தது. ஆகவே அத்தகைய ஊதா அசல் முடிச்சில் ஒரு மூலையில் இருந்தாலும் விரிப்பு 1860-க்கு முந்தையதல்ல என்று உறுதியாகச் சொல்லலாம். இல்லாமல் இருப்பது எதையும் நிரூபிக்காது. ‘1850’ என்று சீட்டு ஒட்டியிருந்தால் என்ன ஆதாரம் என்று கேளுங்கள்.

கடைசியாக, ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மீதும் ஒரு நிமிடம் அழுத்துங்கள். சிவப்பு ஒட்டினால் வீட்டில் கழுவும் யோசனையே வேண்டாம். தேய்ந்த இடத்தில் வெள்ளைப் பாவு தெரிய வேண்டியிருந்தும் சிவப்போ நீலமோ தெரிந்தால் பேனாவால் தீட்டியிருப்பார்கள். சாராயம் தொட்ட பஞ்சில் அந்த மை பெரும்பாலும் ஒட்டும். விற்பவரிடம் கேட்டுக்கொண்ட பிறகே இதைச் செய்யுங்கள்.

படி 4: உடலும் விளிம்பும்

சன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஓட்டைகள் ஒளிரும். இரு கைகளால் மெதுவாக வளைத்துக் காதருகே வையுங்கள். நொறுங்கும் ஓசை கேட்டால் இழைகள் மக்கிவிட்டன. எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பக்க விளிம்பு கறுத்த வெள்ளாட்டு மயிரால் தடிமனாகப் பின்னியிருந்தால் பெரும்பாலும் அசல். இரு முனைகளிலும் முடிச்சில்லாமல் தட்டையாக நெய்த கிலிம் பட்டை, சில சமயம் பூவேலையோடு, பத்து செ.மீ. அல்லது அதற்கு மேலும் நீளும். முதலில் தேய்வது இதுதான் என்பதால் முழுக் கிலிமோடு கிடைப்பது அரிது. எங்கள் கருத்து இது: நடுவே தேய்ந்து, விளிம்பும் கிலிமும் தப்பிய விரிப்பு, மயிர் அடர்ந்து நான்கு பக்கமும் மறுபடி தைத்த விரிப்பைவிட மேல். விளிம்பு மறுபடி நெய்தால் விரிப்பின் அடையாளமே போய்விடுகிறது.

படி 5: வாங்குவது

பின்பக்கம், நான்கு மூலை, இரு கிலிம் முனை, பகல் வெளிச்சத்தில் மயிரைப் பிரித்த படம்: இணையத்தில் வாங்கினால் இவை இல்லாமல் பணம் அனுப்ப வேண்டாம். திருப்பித் தரும் காலக்கெடுவை எழுத்தில் வாங்குங்கள். வணிகத்தில் ‘ஆன்டிக்’ என்றால் வழக்கமாக 100 ஆண்டுக்கு மேல். இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டப்படி 100 ஆண்டைத் தாண்டிய கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஈரானியக் கம்பளத்தின் மீதான இறக்குமதித் தடை 2018-இல் திரும்ப வந்தது. விரிப்பு எங்கே நெய்யப்பட்டது என்ற கேள்வி அங்கே வெறும் ஆர்வம் சார்ந்ததல்ல.

படி 6: வீட்டுக்குள் வரும்முன்

வாங்கியதை மற்ற விரிப்புகளோடு சேர்க்காதீர்கள். அந்துப்பூச்சியின் முட்டை மயிரடியில் கண்ணுக்கே தெரியாது. பாலித்தீனில் சுற்றி, காற்றை வெளியேற்றி, ஒட்டி, −18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் 24 மணி நேரம் அறை வெப்பத்தில் விடுங்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் ஈரம் கம்பளி மீது படியும்.

தூசி எடுக்க, மென்மையான வலையை மேலே விரித்து, சுழலும் தூரிகை இல்லாத வாக்குவம் கிளீனரைக் குறைந்த இழுவிசையில், மயிர் சாயும் திசையில் ஓட்டுங்கள். குஞ்சத்தின் பக்கம் போகவே வேண்டாம். ஈரக் கழுவல் நிபுணருக்குரியது.

வைக்கும்போது மடிக்காதீர்கள், மடிப்பில்தான் பாவு உடையும். அமிலமற்ற அட்டைக் குழாயில், மயிர் வெளியே இருக்கும்படி, மயிர் சாயும் திசையில் சுருட்டி, துவைத்த பருத்தித் துணியால் மூடுங்கள். நிரந்தரமாகப் பாலித்தீனில் வைத்தால் ஈரம் அடைத்துப் பூஞ்சை வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்துப் பின்பக்கத்தை டார்ச்சில் பாருங்கள். மணல் போன்ற துகளோ வெள்ளை வலையோ தெரிந்தால் அன்றே மறுபடி ஃப்ரீசரில் வையுங்கள்.