கப்பலேறிப் போன சொந்தத்தைத் தேடுவது எப்படி? குமரி மாவட்டத்தாருக்கு ஒரு செய்முறை

என் அப்பாவின் பெரியப்பா 1930களில் மலாயாவுக்குப் போனவர். எங்கள் வீட்டில் அவருடைய பெயரை யாரும் சொல்வதில்லை. 'மலாயாப் பாட்டா' என்றால் போதும். கருங்கல் பக்கத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டில் அவரை நினைவுபடுத்த ஒரு புகைப்படமும் ஏழு கடிதங்களும்தான் இருந்தன. குடும்பத்தோடு மலேசியா போகலாம் என்று பேச்சு எழுந்தபோது, "பத்துமலையைப் பார்த்துவிட்டு வந்தால் ஆயிற்றா? பாட்டாவின் பிள்ளைகள் எங்கே என்று பார்க்க வேண்டாமா?" என்று அம்மை கேட்டாள். அங்கே தொடங்கியது.

தொடங்கிய விதம்தான் தப்பு. முகநூலில் பாட்டாவின் பெயரைப் போட்டுத் தேடினேன். அந்தப் பெயரில் மலேசியாவில் நூற்றுக்கணக்கானோர் இருக்கிறார்கள். எட்டு மாதம் வீணாயிற்று. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்து மட்டும்தான். அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். எனவே ஆளைத் தேடாதீர்கள். அவர் வேலை பார்த்த தோட்டத்தைத் தேடுங்கள். கீழே உள்ளவை எல்லாம் அதற்கான வழிகள்.

படி 1: பரணில் இருந்து தொடங்குங்கள்

டிரங்குப் பெட்டியில் கிடைக்கும் கடிதத்தில் எழுதியிருப்பதைவிட உறையின் மேல் இருப்பது முக்கியம். 1935க்குப் பிறகு வந்த மலாயா அஞ்சல் தலைகள் பலவற்றில் பேராக், சிலாங்கூர், ஜொகூர், கெடா என்று மாநிலத்தின் பெயரே அச்சிட்டிருக்கும். முத்திரை மங்கியிருந்தாலும் அஞ்சல் தலை மாநிலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். முத்திரையைப் படிக்க, கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். அதுபோலவே புகைப்படத்தின் கீழ் விளிம்பையும் பின்புறத்தையும் தடவிப் பாருங்கள். ஸ்டுடியோவின் பெயரும் ஊரும் அழுத்தி அச்சிட்டிருக்கும். எங்கள் பாட்டா கோட்டு போட்டுக்கொண்டு நிற்கும் படத்தில் 'ஈப்போ' என்று இருந்ததை எண்பது வருடமாக ஒருவரும் கவனிக்கவில்லை. சட்டத்தைக் கழற்றினால்தானே தெரியும்.

இனி தேதி. பழைய பத்திரங்களிலும் கல்யாண உடன்படிக்கைகளிலும் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். எங்களிடம் கிடைத்த ஒரு தாளில் '1112 மீனம்' என்று இருந்ததை நான் முதலில் ஏதோ பத்திர எண் என்று நினைத்துவிட்டேன். கணக்கு எளிது. சிங்க மாதத்தின் (ஆவணி) முதல் நாளில், அதாவது ஆகஸ்ட் நடுவில், கொல்லம் ஆண்டு பிறக்கிறது. ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் முடிய 824, ஜனவரியிலிருந்து அடுத்த ஆகஸ்ட் நடுப்பகுதி வரை 825 கூட்டுங்கள். 1112 மீனம் என்றால் 1937 மார்ச், ஏப்ரல். நீங்கள் போட்ட கணக்குச் சரியா என்று பார்க்க, ஊரில் எல்லாரும் சொல்லும் '99 வெள்ளத்தை' எடுத்துக்கொள்ளுங்கள்: 1099 உடன் 825 கூட்டினால் 1924. வெள்ளம் வந்தது அந்த ஆண்டு ஜூலையில்.

படி 2: ஊரில் கேளுங்கள்

குடும்பக் கோயில் கொடைக்கு (திருவிழாவுக்கு) வரி எழுதும் நோட்டு எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். கப்பலேறிப் போனவர்கள் கடிதம் எழுத மறந்தாலும் கொடைக்குப் பணம் அனுப்ப மறக்க மாட்டார்கள், சாமி கோபித்துக்கொள்ளுமே. எங்கள் இசக்கியம்மன் கோயிலின் பழைய வரிப்பட்டியல் ஒன்றில் பாட்டாவின் பெயருக்கு நேராகத் தோட்டத்தின் பெயர் எழுதியிருந்தது. கல்யாண வீடுகளில் சுருள் (மொய்) எழுதிய நோட்டும் இப்படித்தான், யார் எங்கிருந்து அனுப்பினார்கள் என்று குறித்திருக்கும்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் திருமணப் பதிவேட்டையும் பாருங்கள். வீட்டுப் பழைய வேதாகமத்தின் முன்பக்கத்து வெற்றுத்தாள்களைப் புரட்டாமல் விடாதீர்கள். பிறப்பும் இறப்பும் அங்கேதான் எழுதி வைப்பார்கள். அம்மை வழியில் மூன்று தலைமுறையை ஒரே பக்கத்தில் எடுத்தேன்.

அடுத்து பாகப்பிரிவினைப் பத்திரம். வெளிநாட்டில் இருந்தவர் பங்கு வாங்காமல் போயிருந்தாலும், அவர் எங்கே இருக்கிறார், யாருக்கு முக்தியார் (தன் சார்பில் செயல்படும் அதிகாரம்) கொடுத்தார் என்று அதில் வந்திருக்கலாம். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரில், 1949க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியில், இருந்தவர்கள். பழைய பத்திரங்கள் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இதையே அங்கேயும் நினைவில் வையுங்கள்: வெளிநாட்டுப் பதிவுகளில் 'கன்னியாகுமரி மாவட்டம்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. திருவிதாங்கூர், கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்றுதான் எழுதியிருப்பார்கள். ஊர்ப் பெயரோடு வீட்டுப் பெயரும் வேண்டும். புதுவிளை என்ற பெயரில் நம் மாவட்டத்தில் எத்தனை ஊர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

படி 3: தோட்டத்தைப் பிடியுங்கள்

இங்கேதான் நான் இன்னொரு முறை தடுக்கி விழுந்தேன். வரி நோட்டில் இருந்த தோட்டப் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. நம்மவர்கள் துரை வைத்த பெயரை விட்டுவிட்டுத் தாங்களாக ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். மலாயாவிலும் இலங்கையிலும் இதே கதைதான். போதாததற்கு ஊர்ப் பெயர்களும் மாறிவிட்டன. டெலுக் ஆன்சன் இன்று தெலுக் இந்தான், போர்ட் சுவெட்டன்காம் இன்று போர்ட் கிளாங்.

தோட்டமே இன்று இருக்காது என்பதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். 1950களிலும் 60களிலும் பல ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. மிஞ்சியவற்றில் பெரும்பகுதி செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறியது. ஆட்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். ஆனால் ஒன்று தங்கியிருக்கிறது: தோட்டத் தமிழ்ப்பள்ளி. மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, தோட்டம் அழிந்து கட்டடம் வேறு இடத்துக்கு மாறிய பிறகும், பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. மாநிலவாரியான பள்ளிப் பட்டியலை எடுத்து, உங்கள் தோட்டப் பெயரோடு ஒத்துப்போவது எது என்று பாருங்கள். பெயர் ஒத்துப்போகாவிட்டால், அஞ்சல் முத்திரையில் உள்ள ஊருக்கு அருகே இருக்கும் இரண்டு மூன்று பள்ளிகளுக்குத் தமிழ்ப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எங்களுக்கு வழி திறந்தது இப்படித்தான். தலைமையாசிரியர் பள்ளியின் பழைய மாணவர்களிடம் விசாரித்தார். எண்பது வயது தாண்டிய ஒருவருக்கு 'திருவிதாங்கூர்க் கிராணி'யை (தோட்டத்துக் கணக்கரை) நினைவிருந்தது.

படி 4: இப்போது பெயரைத் தேடலாம்

மலேசியாவில் ஆணின் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே 'ஏ/எல்' என்று வரும். 'அனாக் லெலாக்கி', அதாவது மகன். பெண்ணுக்கு 'ஏ/பி', 'அனாக் பெரெம்புவான்', மகள். ஆகவே உங்கள் பாட்டாவின் பெயர் அவருடைய பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் இருக்கும். பேரப்பிள்ளைகளின் பெயரில் இருக்காது. கடிதத்தில் பிள்ளைகளின் பெயர் ஒன்றாவது கிடைத்தால் தேடல் பாதி முடிந்த மாதிரி. எழுத்துக்கூட்டலில் ஏமாறாதீர்கள். செல்லையாவை ஆங்கிலத்தில் 'எஸ்' போட்டும் எழுதுவார்கள், 'சி, எச்' போட்டும் எழுதுவார்கள். ஞானமுத்துவுக்கு முதலெழுத்து 'ஜி' ஆகவும் இருக்கும், 'என்' ஆகவும் இருக்கும். எல்லா விதத்திலும் போட்டுப் பாருங்கள்.

சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, தமிழ் முரசும் அதில் உண்டு. மரண அறிவிப்புகளைத் தேடுங்கள். கல்யாண அறிவிப்பில் இரண்டு பெயர்தான் கிடைக்கும், மரண அறிவிப்பில் குடும்பமே வரிசையில் நிற்கும்.

கடிதங்கள் எந்த ஆண்டில் நின்றன என்பதையும் பாருங்கள். மலாயாவுக்கு உடலுழைப்பு வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. அப்படிப் போனவர் என்றால் பெரும்பாலும் அதற்கு முன்பே போயிருப்பார். 1942இல் நின்றுபோய் 1945க்குப் பிறகும் வராவிட்டால், போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் (தாய்லாந்து) மரண ரயில்பாதையை நினைக்காமல் இருக்க முடியாது. ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்களை ஜப்பானியர் அங்கே கொண்டுபோனார்கள். திரும்பாதவர்களில் பலருக்குப் பெயர்ப் பதிவு கூடக் கிடையாது. வீட்டுப் பெரியவர்களிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள்.

இலங்கை என்றால்

கொழும்புக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன் நம் மாவட்டத்துக் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக ஆயிற்று. தாயகம் திரும்பியவர்களில் ஒரு பகுதியினருக்கு நம் மாவட்டத்து அரசு ரப்பர் தோட்டங்களில்தான் வேலை கொடுத்தார்கள். நுவரெலியாவில் நீங்கள் தேடுகிற சொந்தம் இங்கேயே பால் வெட்டிக்கொண்டிருந்திருக்கலாம். இல்லாவிட்டாலும், அதே தோட்டத்தில் இருந்தவர்கள் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்றால் வேலை வேறு மாதிரி. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியல்களில் எண், தந்தை பெயர், ஊர் எல்லாம் இருக்கும். அங்கே நேராகப் பதிவைத் தேடலாம்.

படி 5: முதல் கடிதம்

தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். மூன்றாம் தலைமுறை தமிழ் பேசும், ஆனால் எல்லாருக்கும் படிக்கத் தெரியும் என்று சொல்ல முடியாது. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்; பழைய புகைப்படத்தை இணையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த வரியைப் போடுங்கள்: "சொத்து விஷயமாக எழுதவில்லை." அவர்களுக்கு மட்டுமல்ல, இங்கே இருக்கிற உங்கள் சித்தப்பா, அத்தான்மாருக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கும். பாட்டாவின் பங்குக்கு ஆள் வருகிறது என்று எங்கள் வீட்டிலேயே ஒருவர் ஒரு மாதம் பேசாமல் இருந்தார்.

பதில் வந்தவுடன் குதிக்காதீர்கள். ஆதார் நகல், பணம், எதையும் அனுப்ப வேண்டாம். வீட்டுப் பெயரை நீங்கள் சொல்லாமல் அவர்களிடம் கேளுங்கள். காணொளியில் முகம் பார்த்துப் பேசுங்கள்.

எங்கள் விஷயத்தில் சோதனை தலைகீழாக நடந்தது. கேள்வியோடு காத்திருந்த என்னிடம் பாட்டாவின் மகள் முந்திக்கொண்டு கேட்டார்: "வீட்டுக்குத் தெற்கே அயனிமரம் நிற்கிறதா? அப்பா சொல்வார்." 2017 ஒக்கிப் புயலில் விழுந்துவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, தடியை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். கட்டில் செய்தோம் என்றேன்.

டிக்கெட் அடுத்த வாரம்தான் எடுத்தோம், திருவனந்தபுரத்திலிருந்து கோலாலம்பூருக்கு. நீங்களும் அந்த வரிசையிலேயே செய்யுங்கள். முதலில் அவர்களுக்கு எப்போது விடுமுறை என்று கேட்டுக்கொண்டு, பிறகு தேதியைக் குறியுங்கள். கடிதங்களின் அசலை வீட்டில் வைத்துவிட்டு நகலை எடுத்துப் போங்கள். வரி நோட்டின் அந்தப் பக்கத்தையும் மறக்காமல் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள்.