டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் மியூசியத்தை அவசரமில்லாமல் பார்ப்பது எப்படி

கேப்டவுன் போகிறவர்கள் பெரும்பாலும் டேபிள் மவுண்டன், பெங்குயின், திராட்சைத் தோட்டம், மண்டேலா சிறையிருந்த ராபன் தீவு என்று பிளான் போட்டுவிட்டு, நடுவில் அரை மணி நேரம் மிஞ்சினால் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் மியூசியத்துக்குள் தலையை நீட்டுகிறார்கள். இடம் சின்னதுதான், ஒரு பழைய மெதடிஸ்ட் சர்ச், அரை மணியில் ஒரு சுற்று வந்துவிடலாம். ஆனால் அப்படிப் போனால் பழைய போர்டும் பழைய போட்டோவும்தான் கண்ணில் படும், இவ்வளவுதானா என்று வெளியே வந்துவிடுவீர்கள். இங்கே பாதி விஷயம் கையெழுத்தாக இருக்கிறது, உட்கார்ந்து படிக்க வேண்டும். மீதிப் பாதி கட்டடத்துக்கு வெளியே, மலைச் சரிவில் வெறும் நிலமாகக் கிடக்கிறது. அதனால் அரை நாள் ஒதுக்குங்கள்.

போவதற்கு முன் கொஞ்சம் சரித்திரம் தெரிந்திருந்தால் நல்லது. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்பது நகரத்தை ஒட்டிய ஒரு குடியிருப்புப் பகுதி. 1867-ல் அதைக் கேப்டவுன் நகராட்சியின் ஆறாவது வட்டம் என்று பிரித்தார்கள், அந்த எண்ணே ஊர்ப்பெயர் ஆகிவிட்டது. விடுதலையான அடிமைகளின் குடும்பங்கள், துறைமுகத் தொழிலாளிகள், தையல்காரர்கள், கடைக்காரர்கள், கப்பலில் வந்து இறங்கி அப்படியே தங்கிவிட்டவர்கள் என்று எல்லோரும் கலந்து கிடந்த இடம். 1901-ல் பிளேக் வந்ததைச் சாக்காக வைத்துக் கறுப்பின மக்களை முதலில் வெளியே தள்ளினார்கள். அப்புறம் எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று அரசே கோடு போடும் சட்டம் 1950-ல் வந்தது. 1966 பிப்ரவரி 11 அன்று இந்தப் பகுதி முழுவதும் இனி வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்தார்கள். 1968-ல் ஆட்களைக் கிளப்ப ஆரம்பித்து, 1982-க்குள் 60,000-க்கும் அதிகமானவர்களைக் கேப் ஃபிளாட்ஸ் என்ற மணல்வெளிக்கு அனுப்பிவிட்டு வீடுகளை புல்டோசர் விட்டுத் தரைமட்டமாக்கினார்கள். சேரியை அகற்றுகிறோம் என்பது அரசு சொன்ன காரணம். நெரிசலும் இடிந்த சுவர்களும் இருந்தது உண்மைதான், வாடகையை வாங்கிக்கொண்டு ரிப்பேர் பார்க்காத வீட்டுக்காரர்கள் அங்கேயும் உண்டு. ஆனால் நகரத்துக்கும் துறைமுகத்துக்கும் நடக்கிற தூரத்தில் இருக்கும் நிலம், அதில் எல்லா நிறத்தவரும் ஒன்றாகக் குடியிருக்கிறார்கள், இது இரண்டும் ஆட்சியில் இருந்தவர்கள் கண்ணை உறுத்தியது என்பதுதான் என் கணிப்பு.

மியூசியம் இருப்பது 25ஏ, பைட்டன்கான்ட் தெரு. ஞாயிறு விடுமுறை, மற்ற நாட்களில் காலை 9 மணிவாக்கில் திறந்து மாலை 4 மணிக்கு மூடிவிடுவார்கள், நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை, கிளம்புமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் எடுக்கும்போது அங்கே முன்பு குடியிருந்தவர் யாராவது அழைத்துப்போய் விளக்குவார்களா என்று கட்டாயம் கேளுங்கள், கொஞ்சம் கூடுதலாகக் காசு ஆனாலும் பரவாயில்லை, முடிந்தால் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். தாங்கள் வளர்ந்த தெருவைப் பற்றி நேரில் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும், அவர்களுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது.

உள்ளே நுழைவதற்கு முன் வெளிச் சுவரைப் பாருங்கள். இந்தப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களைத் தோல் நிறத்துக்காக வீட்டைவிட்டு விரட்டினார்கள், இந்த வழியாகப் போகிறவர்கள் அதை வெட்கத்தோடு நினைத்துக்கொள்ளட்டும் என்ற பொருளில் ஒரு பலகை பதித்திருக்கிறார்கள். இது மியூசியம் வந்தபிறகு வைத்ததல்ல. 1971-ல், வீடுகள் இடிந்துகொண்டிருந்தபோதே, சர்ச்காரர்கள் வைத்தது. அதுவும் காலிடன் ஸ்கொயர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே. அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே உள்ளே போங்கள்.

உள்ளே போனதும் முதலில் கீழே பாருங்கள். தரை முழுக்கப் பெரிய வரைபடம், பழைய டிஸ்ட்ரிக்ட் சிக்ஸின் ஒவ்வொரு தெருவும் அதில் வரைந்திருக்கிறது. அங்கே குடியிருந்தவர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடிப்பிடித்து, குடும்பப் பெயரையும் கதவு எண்ணையும் தாங்களே எழுதியிருக்கிறார்கள். பலர் நடந்து போய்விடுகிறார்கள், நீங்கள் குனிந்து படியுங்கள், மண்டி போட்டாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஹனோவர் தெருவில் ஆரம்பியுங்கள், அதுதான் கடைவீதி, மீன் மார்க்கெட், சினிமா கொட்டகை எல்லாம் அந்தப் பக்கம்தான். அங்கிருந்து ஒரு சந்து வழியாக மேலே போனால் ஒரே சந்துக்குள் முஸ்லிம் பெயரும் கிறிஸ்தவப் பெயரும் அடுத்தடுத்து வரும். எந்தச் சொற்பொழிவைவிடவும் இது பளிச்சென்று புரிய வைக்கிறது.

அடுத்து தலைக்கு மேலே. தெருப் பெயர்ப்பலகைகள், எழுபத்துச் சொச்சம், நெடுந்தூண் மாதிரி வரிசையாகத் தொங்குகின்றன. எல்லாம் அசல். இடிப்பு வேலையை மேற்பார்த்தவரிடம் இவற்றைக் கடலில் கொட்டச் சொல்லியிருந்தார்கள், அந்த மனுஷன் கொட்டாமல் தன் வீட்டில் எடுத்துவைத்திருந்தார். ஏன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள், குற்ற உணர்ச்சியா, சும்மா சேகரிக்கும் ஆசையா. எப்படியோ 1994 டிசம்பர் 10-ல் மியூசியம் திறந்தபோது முதல் கண்காட்சிக்கு அந்தப் பலகைகள்தான் அடித்தளம். சில வாரங்களுக்கு என்று நினைத்துத் திறந்தது, ஜனங்கள் வந்துகொண்டே இருந்ததால் மூட முடியவில்லை.

ஓரமாகத் துணி தொங்கும், அதைத் தவறவிடாதீர்கள். முன்னாள் குடியிருப்பாளர்களும் வந்துபோனவர்களும் பேனாவால் எழுதிய வரிகளின் மேல் பிறகு நூலால் தைத்திருக்கிறார்கள், எல்லாத் துணியையும் சேர்த்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வருமாம். சில வரிகள் டச்சிலிருந்து கிளைத்த உள்ளூர் மொழியான ஆப்பிரிக்கான்ஸில் இருக்கும், பக்கத்தில் நிற்கும் ஊழியரிடம் கேட்டால் சொல்வார். ஒற்றை அறைக்குள் ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்தது என்று காட்டும் அறையும் இருக்கிறது, கட்டில், அடுப்பு, துணிமணி எல்லாம் கையெட்டும் தூரத்தில்.

அங்கே வழிகாட்டியாக இருந்த நூர் இப்ராஹிம் சொன்ன புறாக் கதை ரொம்பப் பிரபலம். காலிடன் தெருவில் இருந்த வீட்டைவிட்டுக் கேப் ஃபிளாட்ஸில் இருக்கும் ஆத்லோனுக்குப் போகும்போது வளர்த்த புறாக்களையும் கொண்டுபோனார். கூட்டில் சில மாதங்கள் அடைத்துப் பழக்கிவிட்டு, ஒருநாள் திறந்துவிட்டார். சாயங்காலம் ஒன்றுகூடத் திரும்பவில்லை. மறுநாள் பழைய தெரு வழியாக வண்டியில் போனால், இடித்துப்போட்ட வீட்டு மனையில் அத்தனையும் வந்து உட்கார்ந்திருந்தன.

சரி, இவ்வளவையும் பார்த்தபிறகு வெளியே நிலத்தைப் பார்க்கப் போங்கள். பலர் விட்டுவிடும் பகுதி இதுதான். தனியாக நடக்காதீர்கள், சில இடங்களில் ஆள் நடமாட்டமே இருக்காது. வழிகாட்டியோடு போங்கள், இல்லையென்றால் டாக்ஸி எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையருக்கென்று காலி செய்த இடத்தில் அவர்கள் பெரிதாகக் குடியேறவே இல்லை. எதிர்ப்பு ஓயவில்லை, நிலத்தின் பெயரும் கெட்டுவிட்டது, கட்ட வந்தவர்கள் தயங்கினார்கள். ஒரு பெரிய பகுதியில் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது, மீதி பல காலம் புல் முளைத்துக் கிடந்தது. வழிபாட்டு இடங்கள் பலவற்றை இடிக்காமல் விட்டார்கள், கல்லூரிக் கட்டடங்களுக்கு நடுவே செயின்ட் மார்க்ஸ் சர்ச் நிற்பதைப் பாருங்கள், மசூதிகளும் இருக்கின்றன. கேப் ஃபிளாட்ஸுக்குப் போனவர்கள் தொழுகைக்கும் பூசைக்கும் இங்கேயே வந்துபோனார்கள். 2004 பிப்ரவரி 11-ல் திரும்பி வந்த முதல் இருவருக்கு மண்டேலா சாவி கொடுத்தார், இருவருமே எண்பதைத் தாண்டியவர்கள். மற்றவர்களுக்கு வீடு கிடைப்பது ஆமை வேகத்தில் நடக்கிறது, இதைப் பற்றிக் கேட்டால் வழிகாட்டிகள் பூசி மெழுக மாட்டார்கள், கேளுங்கள்.

உங்கள் பயணம் பிப்ரவரியில் வருகிறதென்றால் 11-ஆம் தேதியை ஒட்டித் திட்டமிடுங்கள். அன்று முன்னாள் குடியிருப்பாளர்கள் நடைபயணம் போய், நினைவுக்காகக் குவித்திருக்கும் கல்குவியலில் ஆளுக்கொரு கல் வைப்பது வழக்கம். மண்டேலா 1990-ல் சிறையிலிருந்து வந்ததும் அதே தேதிதான், அன்று சாயங்காலம் அவர் பேசிய சிட்டி ஹால் பால்கனி மியூசியத்திலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது.

இன்னும் நேரமும் தெம்பும் இருந்தால் ஸ்லேவ் லாட்ஜுக்கு நடந்து போகலாம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை என்று நம் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்களை அடிமைகளாகக் கேப்டவுனுக்குக் கொண்டுபோனது, அந்தக் கம்பெனி அடிமைகளை அடைத்துவைத்த கட்டடம் அது. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் குடியேறிய விடுதலை அடிமைகளின் வேர் எங்கெங்கே இருந்தது என்பது அங்கே போனால் விளங்கும். அதே நடையில் குயின் விக்டோரியா தெருவுக்கும் போங்கள். நீதிமன்றக் கட்டடத்துக்கு வெளியே வெள்ளையருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று எழுதிய இரண்டு பெஞ்சுகள் இருக்கின்றன, யார் எந்த இனம் என்று விசாரித்து முடிவு செய்தது அந்தக் கட்டடத்தில்தான்.

ராபன் தீவை மட்டும் இதே நாளில் திணிக்காதீர்கள். படகு துறைமுகப் பக்கம் இருக்கும் வாட்டர்ஃப்ரண்டிலிருந்து கிளம்புகிறது, போய்வரவே அரை நாள் ஆகும், காற்று பலமாக இருந்தால் ரத்தும் செய்துவிடுவார்கள். அதனால் தீவுக்குப் பயணத்தின் முதல் நாட்களில் டிக்கெட் போடுங்கள், ரத்தானால் மாற்று நாள் கிடைக்கும்.