தொண்டை வலி ஒட்டுமா? வீட்டில் என்ன செய்யலாம்?

காரைக்குடிப் பக்கம் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீட்டைக் கல்யாணத்துக்குத் திறந்து ஒட்டடை அடித்தால், மறுநாள் பலருக்குத் தொண்டை கரகரக்கும். அது தூசியால் வந்தது, யாருக்கும் ஒட்டாது. நெஞ்செரிச்சல், புகை, கத்திப் பேசியது இவற்றால் வரும் வலியும் அப்படித்தான். கிருமியால் வந்தால் ஒட்டும்.

முதலில் எந்த வகை என்று பாருங்கள். மூக்கு ஒழுகல், இருமல், குரல் கம்மல் இருந்தால் பெரும்பாலும் வைரஸ். ஒரு வாரத்தில் தானாகவே சரியாகும். இதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, தயவுசெய்து கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

5 முதல் 15 வயதுப் பிள்ளைக்கு இருமலே இல்லாமல் திடீரென்று கடும் வலி, காய்ச்சல், டான்சிலில் வெள்ளைத் திட்டு, கழுத்தில் நெறி கட்டியிருந்தால் ஸ்ட்ரெப் பாக்டீரியாவாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்குச் சில வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுத்துவிடும். பென்சிலின் அல்லது அமாக்சிசிலின் மாத்திரை கொடுத்தால் வழக்கமாக 10 நாள். இரண்டு மூன்று நாளில் வலி குறைந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தவே கூடாது. மருந்து தொடங்கி ஒரு நாள் ஆகி, காய்ச்சலும் விட்டபின் பள்ளிக்கு அனுப்பலாம்.

அடுத்தது வாய் கொப்பளிப்பு. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, அண்ணாந்து தொண்டைவரை கொப்பளித்துத் துப்புங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை போதும். விழுங்கிவிடும் வயதுக் குழந்தைக்கு இது வேண்டாம். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால், பிள்ளைகளுக்கு எடை பார்த்து. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனும் கூடாது.

சாப்பிட இடியாப்பமும் பாலும், அல்லது குழைந்த சோறும் காரம் குறைத்த ரசமும். கோழிக் குழம்பு இரண்டு நாள் கழித்து ஆகட்டும்.

அப்புறம், மற்றவர்களைக் காப்பது. செம்பில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கும் நம் பழக்கம் இங்கே நல்ல துணை. டம்ளர், துண்டு தனியாக இருக்கட்டும். சோப்புப் போட்டு அடிக்கடி கை கழுவுங்கள். விசேஷ வீடென்றால் பந்தி பரிமாறுவதை வேறொருவர் பார்க்கட்டும். பிள்ளையை அப்பத்தாவோடு ஒட்டிப் படுக்க விடாதீர்கள்.

மூச்சுத் திணறல், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிதல், வாயைத் திறக்க முடியாமை, தொண்டையில் சாம்பல் நிறப் படலம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள்.