கதையின் நனவிலியைப் படிப்பது எப்படி: ஒரு பத்தியை வைத்துச் சொல்கிறேன்

உளப்பகுப்பாய்வு முறையில், அதாவது நமக்கே தெரியாமல் மனதுக்குள் இயங்கும் நனவிலியைத் தேடும் முறையில், எழுதுகிறேன் என்று நினைத்து நான் எழுதிய முதல் கட்டுரையில் கதையே இல்லை. எழுத்தாளரின் சின்ன வயது, அம்மாவோடு அவருக்கு இருந்த உறவு, கடிதத்தில் அவர் சொன்ன ஒரு கனவு என்று பத்துப் பக்கம் எழுதி ஒரு கூட்டத்தில் வாசித்தேன். முடிந்ததும் மூத்த வாசகர் ஒருவர் அருகில் வந்து, "அந்தக் கதையில் உங்களை உறுத்திய வரி எது?" என்று கேட்டார். எனக்கு ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை. அந்தக் கேள்விதான் என்னை இந்த முறையை முதலிலிருந்து கற்றுக்கொள்ள வைத்தது. அதற்குப் பிறகு பல வருடங்களாக ஒரு சிறிய வாசிப்புக் குழுவோடு சேர்ந்து இப்படிப் படித்துவருகிறேன். அங்கே கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

நான் செய்த தவறை இந்த முறையைத் தொடங்கிவைத்தவரே செய்திருக்கிறார். 1910-ல் ஃபிராய்ட், லியோனார்டோ டா வின்சியைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். தொட்டிலில் கிடந்தபோது ஒரு பறவை வந்து வாலால் தன் வாயைத் திறந்தது என்று லியோனார்டோ எழுதிவைத்த ஒரு நினைவுதான் அதன் மையம். அந்தப் பறவையைப் பிணந்தின்னிக் கழுகு என்று எடுத்துக்கொண்ட ஃபிராய்ட், எகிப்தியத் தாய்த் தெய்வம் வரைக்கும் போய்விட்டார். ஆனால் லியோனார்டோ இத்தாலிய மொழியில் எழுதிய சொல் 'நிப்பியோ'. அதற்குப் பருந்து என்று பொருள். ஜெர்மன் மொழிபெயர்ப்பில் பறவை மாறியிருந்தது. அவ்வளவு பெரிய விளக்கம் ஒரு தவறான சொல்லின்மேல் நின்றது. வரியை விட்டுவிட்டு ஆளைத் தேடிப் போகும்போது எனக்கு இந்தப் பறவை நினைவுக்கு வந்துவிடும்.

அதனால் முதல் விதி இது. எழுத்தாளருக்கு நோய் கண்டுபிடிக்கப் போகாதீர்கள். பாத்திரத்துக்கும் வேண்டாம். கதாநாயகனுக்குக் குழந்தைப்பருவம் என்று தனியாக ஒன்று கிடையாது, பக்கத்தில் இருப்பதுதான் அவனுடைய முழு வாழ்க்கை. மருத்துவரின் சாய்வுப் படுக்கையில் படுக்க வேண்டியது பிரதிதான், அதாவது பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் சொற்கள்தான். அது எதைச் சொல்ல வந்து எதைச் சொல்லாமல் திரும்புகிறது, எந்தச் சொல்லைச் சுற்றிச் சுற்றி வருகிறது என்பதுதான் நம் வேலை.

சரி, எப்படித் தொடங்குவது? சின்னதாக எடுங்கள். ஒரு சிறுகதை, அதுவும் 'நான்' என்று ஒருவர் சொல்லும் கதை, முதல் முயற்சிக்கு நல்லது. முதல் தடவை படிக்கும்போது கையில் பென்சில் வேண்டாம். 1912-ல் மருத்துவர்களுக்குச் சொன்ன அறிவுரையில் ஃபிராய்ட், நோயாளி சொல்லும் எதையும் தனியாகப் பிடித்து வைத்துக்கொள்ளாமல், எல்லாவற்றின்மீதும் கவனத்தைச் சமமாகப் பரவவிட்டுக் கேட்கச் சொன்னார். எதையாவது எதிர்பார்த்துக் கேட்டால் நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் கிடைக்கும் என்பது அவர் சொன்ன காரணம். வாசிப்புக்கும் இது அப்படியே பொருந்துகிறது. தெரியாமல் அப்பாவைக் கொன்று அம்மாவை மணந்த கிரேக்கக் கதை நாயகனை நினைத்து, 'ஈடிபஸ் எங்கே?' என்று தேடிக்கொண்டே படித்தால் ஈடிபஸ் கிடைத்துவிடுவார். கதை கிடைக்காது.

முதல் வாசிப்பு முடிந்தவுடன் ஒரு வெற்றுத்தாளில் ஐந்து நிமிடம் எழுதுங்கள். கதைச்சுருக்கம் வேண்டாம். எங்கே அலுத்தது, எந்தப் பக்கத்தை வேகமாகத் தள்ளினீர்கள், எங்கே காரணமில்லாமல் கோபம் வந்தது, சம்பந்தமே இல்லாமல் யார் முகம் ஞாபகத்துக்கு வந்தது, இவைதான் வேண்டும். இந்தத் தாளை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. ஆனால் எழுதாமல் விடாதீர்கள். ஒரு நாவலில் மருத்துவமனை வரும் பகுதிகளெல்லாம் செத்த எழுத்து என்று நான் குழுவில் அடித்துப் பேசியிருக்கிறேன். தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோதுதான், அந்தப் பக்கங்களை நான் படிக்கவே இல்லை என்பது தெரிந்தது. என் அம்மா கடைசி இரண்டு மாதம் மருத்துவமனையில் இருந்தார். அந்தப் பக்கங்களை மறுபடி உட்கார்ந்து படித்தேன். நாவலிலேயே மிக நுட்பமாக எழுதப்பட்ட பகுதி அதுதான். நோயாளி மருத்துவரிடம் எழுப்பும் உணர்ச்சிகளை எதிர்மாற்றம் என்பார்கள். வாசகருக்கும் அது உண்டு. அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளாவிட்டால் நம் பயத்தைக் கதையின் குறை என்று எழுதிவிடுவோம்.

இரண்டாம் வாசிப்புக்குப் பென்சிலை எடுக்கலாம். இதை விளக்கமாகச் சொல்லியே தெரியவைக்க முடியாது, செய்து காட்டுகிறேன். குழுவில் பயிற்சிக்கென்று நானே எழுதிய பத்தி ஒன்று:

"அப்பா போய் எட்டு நாள் கழித்து வீட்டைத் திறந்தேன். அவர் உட்காரும் நாற்காலி சன்னலைப் பார்த்தபடி இருந்தது. எனக்கு வருத்தம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. சாவி கொடுத்தது யார் என்று தெரியவில்லை. அவர் நேரம் தவறாதவர். மேசையில் இருந்த அவருடைய மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. குனிந்து பொறுக்கினேன். அவன் பார்வை மட்டும் கடைசிவரை மங்கவே இல்லை. கடிகாரத்தை நிறுத்தினேன். அறையைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்."

முதலில் மறுப்புகளைப் பாருங்கள். 'எனக்கு வருத்தம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை.' யாரும் கேட்கவில்லையே! கேட்காத கேள்விக்கு வரும் பதில்தான் நமக்குக் கிடைக்கும் முதல் நூல்முனை. 1925-ல் எழுதிய மறுப்பு பற்றிய சிறு கட்டுரையில் ஃபிராய்ட் ஒரு நோயாளியைச் சொல்கிறார். கனவில் வந்தது யாராக இருக்கும் என்று கேட்கிறீர்கள், அது என் அம்மா இல்லை என்கிறார் அந்த நோயாளி. மனம் வெளியே விடாமல் ஒடுக்கிவைத்த நினைப்பு, 'இல்லை' என்ற அனுமதிச் சீட்டோடு வெளியே வந்துவிடுகிறது. கதைசொல்லி 'நான் பொறாமைப்படவில்லை', 'அதை நான் எப்போதோ மறந்துவிட்டேன்' என்று சொல்லும் இடங்களுக்கு அடியில் கோடு போடுங்கள். எல்லா மறுப்பும் ஒப்புதல் ஆகிவிடாது. வேறு இடத்தில் துணை கிடைத்தால்தான் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது வினைச்சொற்கள். தமிழில் படிக்கிறவர்களுக்கு இது பெரிய வசதி, நான் அதிக நேரம் செலவழிப்பதும் இதில்தான். நம் மொழியில் உடைந்தது, உடைத்தேன் என்று இரண்டு வினைகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஓர் எழுத்து மாறினால் பழி இடம் மாறிவிடும். பத்தியில் திறந்தேன், பொறுக்கினேன், நிறுத்தினேன், பூட்டினேன் என்று எல்லாவற்றையும் 'நான்' செய்கிறேன். கண்ணாடி மட்டும் தானாக விழுந்து, தானாக உடைகிறது. அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. கைபட்டுத்தான் விழுந்திருக்க வேண்டும். ஆனால் வாக்கியம் அந்தக் கையை மறைத்துவிட்டது. தோன்றா எழுவாய் வரும் வாக்கியங்களில் 'யார்?' என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுப் பழகுங்கள்.

அப்புறம் மரியாதை. பத்தி முழுக்க 'அவர்'. ஒரே ஓர் இடத்தில் 'அவன் பார்வை'. இதை அச்சுப்பிழை என்று தாண்டிப் போய்விடலாம், சில சமயம் அச்சுப்பிழையாகவும் இருக்கும். ஆனால் இங்கே அது கண்ணாடி உடைந்த வரிக்கு இரண்டு வரி தள்ளி வருகிறது. கண்ணாடியோடு சேர்ந்து மரியாதையும் கீழே விழுந்திருக்கிறது. அவர், அவன், நீங்கள், நீ என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் உறவை அளந்து சொல்ல வேண்டிய மொழி நம்முடையது. அந்த அளவு சறுக்கும் இடம் எப்போதும் நின்று பார்க்க வேண்டிய இடம்.

இதுவரை சொன்னதெல்லாம் நான் தெரிந்தே பத்தியில் வைத்தவை. குழுவில் ஒரு பெண் கண்டுபிடித்தது நான் வைக்காதது. "சாவி இரண்டு தடவை வருகிறது சார்" என்றார். ஆமாம், முதல் சாவி கடிகாரத்துக்கு, இரண்டாவது அறைக்கு. அவர் விடவில்லை. "'சாவி கொடுத்தது யார்' என்பதைக் கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள். வீட்டைத் திறக்க உங்களுக்குச் சாவி கொடுத்தது யார்? அது கதையில் இல்லை. இன்னொன்று, அப்பா 'போய்' என்று எழுதியிருக்கிறீர்கள். சாவு என்ற சொல்லே இல்லை. அந்தச் சொல் சாவிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது." நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. சாவு கொடுத்தது யார் என்று தெரியவில்லை. அந்த வரியை எழுதியது நான்தான், ஆனால் அந்தக் கேள்வியை நான் எழுதவில்லை.

சாவி போர்த்துகீசிய மொழியிலிருந்து நமக்கு வந்த சொல், சாவுக்கும் அதற்கும் பிறப்பில் எந்த உறவும் இல்லை. நனவிலிக்கு அது ஒரு பொருட்டில்லை. அது சொற்களை ஒலியை வைத்துத்தான் சேர்த்துக்கொள்கிறது. 1900 என்று ஆண்டு போட்டு வெளிவந்த கனவு நூலில் ஃபிராய்ட், பல நினைப்புகள் ஒரே உருவத்தில் வந்து குவிவதையும், ஒன்றின்மேல் இருக்கும் உணர்ச்சி அதற்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றுக்கு நகர்வதையும் கனவின் இரண்டு பெரிய வேலைகளாகச் சொன்னார். 1957-ல் பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கான், யாக்கப்சன் என்ற அறிஞரின் மொழியியலை எடுத்துக்கொண்டு, முதலாவதை உருவகத்தோடும் இரண்டாவதை ஆகுபெயரோடும் இணைத்தார். இலக்கணம் படித்த நமக்கு இது பிடிபடச் சிரமமில்லை. எங்கள் பத்தியில் சாவி ஒரு குவியல், சிலேடை போல. மூக்குக்கண்ணாடி ஒரு நகர்வு. அப்பாமேல் இருக்கும் கோபம் அப்பாவின் பொருள்மேல் போய் இறங்குகிறது.

நம் கவிதையிலும் உள்ளுறை, அதாவது இயற்கைக் காட்சிக்குள் வேறொரு பொருளை வைத்துச் சொல்வது, இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று பலர் கேட்பார்கள். ஒன்றில்லை. உள்ளுறை கவிஞர் வைத்தது, சரியான வாசகர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வைத்தது. நாம் இங்கே தேடுவது யாரும் வைக்காதது.

சரி, இத்தனை குறிப்பையும் வைத்து என்ன செய்வது? இங்கேதான் பெரும்பாலானவர்கள் அவசரப்படுகிறார்கள். அப்பா, கண், உடைதல் என்று மூன்றும் கிடைத்துவிட்டன. கண்ணைக் குத்திக்கொண்ட ஈடிபஸை இழுத்துவந்து, மகன் அப்பாவைக் கொல்ல விரும்புகிறான் என்று முடித்துவிடலாம். அது தவறு என்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வாசிப்புக்கு இந்தப் பத்தி தேவையே இல்லை, எந்த அப்பா கதைக்கும் அதை எழுதலாம். கனவு நூலுக்கு 1925-ல் சேர்த்த ஓர் அடிக்குறிப்பில் ஃபிராய்டே இதற்காக வருத்தப்படுகிறார். கனவுக்கு உள்ளே ஒளிந்திருக்கும் நினைப்பைக் கண்டுபிடித்ததும் அதுதான் கனவு என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள், நினைப்பைக் கனவாக மாற்றும் வேலைதான் கனவின் சாரம் என்கிறார். நாமும் ரகசியத்தைக் கண்டுபிடித்ததோடு நிறுத்தக்கூடாது. இந்தக் கோபம் ஏன் கடிகாரமாக வந்தது? ஏன் உடைக்கிறவனே குனிந்து பொறுக்குகிறான்? ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை நிறுத்துவது இரண்டாவது கொலையா, துக்கத்தின் மௌனமா? 1917-ல் வெளிவந்த துக்கம் பற்றிய கட்டுரையில், இழந்தவர்மேல் அன்பும் கோபமும் ஒன்றாக இருக்கும்போது துக்கம் எப்படிச் சிக்கலாகிறது என்று ஃபிராய்ட் விளக்குகிறார். அதைப் படித்தபின் எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தோன்றவில்லை. கடிகாரத்தை நிறுத்தும் கை இரண்டையும் சேர்த்தே செய்கிறது.

ஆதாரத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. கனவு கண்டவரிடம், இதைப் பற்றி என்ன தோன்றுகிறது என்று கேட்கலாம். கதையிடம் கேட்க முடியாது. அதற்குப் பதிலாக அதே சொல், அதே பொருள், அதே வாக்கிய அமைப்பு கதையில் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். அந்த இடங்கள்தான் கதை தரும் பதில். மூன்று இடமாவது சேராவிட்டால் நான் அதைக் கட்டுரையில் எழுதுவதில்லை, ஓரத்தில் ஒரு கேள்விக்குறியோடு விட்டுவிடுவேன். பாம்பு என்றால் இது, தண்ணீர் என்றால் அது என்று குறியீட்டு அகராதி வைத்துக்கொண்டு படிப்பதை முழுக்க விட்டுவிடுங்கள்.

எழுத உட்காரும்போது வாக்கியத்தின் எழுவாயைக் கவனியுங்கள். 'எழுத்தாளருக்கு அப்பாமேல் வெறுப்பு' என்று எழுதினால் நிரூபிக்க வழியில்லை, ஒருவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் பேசுவதாகவும் ஆகிவிடும். 'இந்தப் பத்தி உடைத்த கையை மறைக்கிறது' என்று எழுதினால் யார் வேண்டுமானாலும் வரியைத் திறந்து சரிபார்க்கலாம். உங்கள் தனித்தாளில் இருந்து ஏதாவது ஒன்று வாசிப்பை உண்மையிலேயே திசைதிருப்பியிருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். மருத்துவமனைப் பக்கங்களைப் பற்றி எழுதியபோது நான் சொன்னேன். அதற்கப்புறம்தான் என்னால் அந்தப் பக்கங்களைப் பற்றித் தயக்கமில்லாமல் எழுத முடிந்தது.

ஒரு வாரம் கழித்து மூன்றாம் தடவை படியுங்கள். எதற்கும் அடங்காமல் ஒரு வரி மிச்சம் இருக்கும். எங்கள் பத்தியில் அது நாற்காலி. அது ஏன் சன்னலைப் பார்த்து இருக்கிறது? கடிகாரம், கண்ணாடி, சாவி எதோடும் அது சேரவில்லை. அப்பா யாருக்காகவோ காத்திருந்தார் என்றார் ஒருவர். மகனுக்காகத்தான் என்றார் அந்தப் பெண். அப்படியானால் வருத்தம் இல்லை என்ற வரி ஏன் நாற்காலிக்கு அடுத்த வரியாக வருகிறது என்று நான் கேட்டேன். அடுத்த சந்திப்புக்கு மறுபடி அந்த இரண்டு வரிகளை எடுத்துவைத்திருக்கிறோம்.